அகழித் தண்ணீரைக் குடித்தவர்

என் அண்ணை கண்டதை நான் கண்டதாக எழுதிப் பெயர் எடுத்தேன். அதே எழுத்தில் அவரை ஒரு கோமாளியாகவும் நிறுத்தினேன். அதை வாசித்த அவருடைய ஒரே மகள் தன் தகப்பனை மதிக்காமல் போனாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு ஏழு ஆண்டுகள் வாய் திறவாமல் இருந்தேன். செய்த பிழை இதுதான். இனிச் சொல்லப்போவது அது எப்படி நடந்தது, பிறகு என்ன செய்து பார்த்தேன் என்பது மட்டுமே.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். அண்ணை எனக்கு ஒன்பது வயது மூத்தவர். எங்கள் ஐயா கிணற்றில் இறைக்கும் துலாவில் இருந்து விழுந்து நாரியெலும்பு முறிந்து படுத்தபோது அண்ணை ஐந்தாம் வகுப்பு, நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். அன்றோடு அவர் புத்தகத்தை மூடிவிட்டு மண்வெட்டியைப் பிடித்தார். அவர் நட்ட புகையிலைதான் பிற்காலத்தில் எனக்கு வட்டுக்கோட்டையில் விடுதிச் சோறாயிற்று. பிறகு பல்கலைக்கழகம், பட்டம், யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கும் வேலை. அண்ணை மிகவும் பிந்திக் கலியாணம் செய்தார். ஒரு பெண்பிள்ளை. எனக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. பக்கத்து ஒழுங்கையில் வீடு என்பதால் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டிலும் வளர்ந்தாள்.

எண்பத்துநாலாம் ஆண்டு, புகையிலை வெட்டி முடிந்த கையோடு இந்தியாவுக்குப் போனோம். என் மனைவிக்கு நெஞ்சில் ஒரு கோளாறு. இதயத்து வால்வு சுருங்கியிருக்கலாம் என்று இங்கே சந்தேகப்பட்டார்கள். முந்தின ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்குப் போக அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. ஊரில் இருந்து எத்தனையோ பேர் போய்ச் சுகமாகி வந்திருந்தார்கள். தலைமன்னாரில் இருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலம் அது. அண்ணையை நான் கூப்பிடவில்லை. வெளிக்கிடுகிற அன்று காலை ஒரு துணிப்பையோடு அவராகவே வந்து நின்றார். ஊர்பேர் தெரியாத இடத்தில் வருத்தக்காரியை வைத்துக்கொண்டு நீ ஒருத்தன் என்ன செய்வாய் என்று கேட்டார். மகளையும், தன் மனைவியான என் மச்சாளையும் தோட்டத்தோடு விட்டுவிட்டு எங்களோடு கப்பல் ஏறினார்.

வேலூரில் முதல் நாள் அவர் ஆறு பார்க்க வேண்டும் என்றார். ஐம்பது வயதை நெருங்கும் மனிதர் ஆறு பார்த்ததில்லை. எங்கள் குடாநாட்டில் மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றை விட்டால் ஆறு ஏது? பாலாற்றுப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல். நடுவில் மாடுகள் படுத்திருந்தன. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"உதுக்கு எங்கடை வழுக்கியாறு பரவாயில்லைத் தம்பி," என்றார்.

மனைவிக்குப் பரிசோதனைகள் முடிந்து முடிவுக்காக மூன்று நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த மூன்று நாளில் ஒரு காலை, வெயில் ஏறுவதற்கு முன், கோட்டைக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் இருந்து நடக்கிற தூரம்தான். போகச் சொன்னது நான். கண்டியின் கடைசி அரசனைக் குடும்பத்தோடு அடைத்து வைத்திருந்த இடம் என்று புத்தகத்தில் படித்து, வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருந்தேன். எங்கள் நாட்டு அரசன் கிடந்து செத்த மண்ணை மிதிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சந்தைத் தெருவின் இரைச்சலுக்குள் இருந்து திரும்பியவுடன் அது முன்னால் நின்றது. யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த கண் என்னுடையது. எங்களுடையது முருகைக் கல்லால் கட்டிய, தட்டையான, கடற்காற்றில் பொருக்கு விட்ட கோட்டை. இது கருங்கல். யானை நிறம். அடியில் அகன்று மேலே போகப்போக உள்வாங்கி, வளைந்து வளைந்து போகும் மதில். அதன் மேல் இன்னொரு மதில். அதற்கும் மேலே கோயிற் கோபுரத்தின் தலை. இவ்வளவும் அப்படியே தலைகீழாக அகழித் தண்ணீருக்குள்ளும் நின்றது. என் மனைவி நெஞ்சில் கையை வைத்தாள். நான் பயந்துபோய் என்னப்பா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, வடிவாய்க் கிடக்குது என்றாள்.

அண்ணை கோட்டையைப் பார்க்கவில்லை. அகழியைப் பார்த்தார்.

"ஆத்திலை ஒரு சொட்டுத் தண்ணியில்லை. இது எங்காலை வந்தது?"

மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும் என்றேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, புல்லைப் பிடித்துப் பிடித்துக் கரைச் சரிவில் இறங்கினார். பாசியைக் கையால் விலக்கி ஒரு சிரங்கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்தார். துப்பினார். மறுபடி அள்ளினார்; இந்த முறை விழுங்கிவிட்டார்.

எங்கள் ஊரில் இது புதினம் இல்லை. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்காமல் யாரும் ஒரு காணியில் கன்று நட மாட்டார்கள். நல்ல தண்ணீரா, உப்புச் சவரா, எந்த மாதத்தில் சவராகும் என்று நாக்குத்தான் சொல்லும். கோப்பாயில் அதைச் செய்கிறபோது அவர் தோட்டம் செய்கிற கமக்காரன். வேலூரில், ஊர் நடுவில், ஆட்கள் பார்க்கச் செய்கிறபோது எனக்குக் கூசியது. கோட்டைக் காவலாளி ஒருவர் மேலே இருந்து கை தட்டிக் கூப்பிட்டார்.

"ஏய் பெரியவரே, அது குடிக்கிற தண்ணி இல்ல. மலையாளமா நீங்க?"

அண்ணை மேலே ஏறி வந்து தான் யாழ்ப்பாணம் என்றார். காவலாளிக்குப் பாதி விளங்கியது. அந்தக் காலத்தில் இந்தத் தண்ணீரில் முதலை விட்டிருந்தார்களாம், இறங்கியிருந்தால் கால் போயிருக்கும் என்று வெருட்டினார்.

"இப்ப எங்கை அதுகள்? பென்சன் எடுத்திட்டுப் போட்டுதுகளோ?" என்றார் அண்ணை. காவலாளி சிரித்து, பீடி ஒன்றை நீட்டினார். இரண்டு பேரும் சிநேகிதராகிவிட்டார்கள். நான் ஒரு பக்கமாக, அவரோடு வராதவன் போல நின்றேன்.

பிறகு அண்ணை என்னிடம் வந்து மெல்லச் சொன்னார். பாசி மணம் இருக்கிறது, சவர் இல்லை. இந்த வெயிலுக்குத் தேங்கி நிற்கிற தண்ணீர் வற்ற வற்ற உப்பேற வேண்டும். ஏறவில்லை. அப்படியென்றால் இது தேங்கி நிற்கவில்லை. எங்கேயோ ஒரு பக்கத்தால் வருகிறது, ஒரு பக்கத்தால் போகிறது. கோட்டை வாசற் பாலத்தடியில் கிடந்த காய்ந்த பூவிதழ்களைத் தண்ணீரில் தூவினார். காற்று அசையவில்லை. இதழ்கள் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, எறும்பு ஊர்கிற கதியில், ஒரே பக்கமாக நகர்ந்தன. அவர் தலையைத் தூக்கி ஊரைச் சுற்றி நின்ற மலைகளைப் பார்த்தார். அங்கே இருந்துதான் நிலத்துக்குக் கீழால் வழி வெட்டி எடுத்திருப்பார்கள் என்றார். புத்தகத்தில் அப்படி ஒன்றும் நான் படித்ததில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு குளத்தில் இருந்து அகழிக்குச் சுரங்க வாய்க்கால் வந்தது என்று எங்கோ வாசித்தபோது கையில் இருந்த புத்தகத்தை மூடி வைத்தேன்.

உள்ளே போனோம். வழி நேரே போகாமல் முறிந்து முறிந்து போனது. யானையை ஓட்டிக்கொண்டு வருகிறவன் வேகம் எடுக்க முடியாதபடி அப்படிக் கட்டுவார்கள் என்று நான் விளக்கினேன். அது எனக்குத் தெரிந்தது. மதிலில் அண்ணை கையை வைத்தார். கோயில் வாசலில் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் விளக்குமாற்றில் ஒரு ஈர்க்குக் கேட்டு வாங்கி, இரண்டு கல்லுக்கு நடுவில் செருகப் பார்த்தார். போகவில்லை. இன்னோர் இடத்தில் பார்த்தார். போகவில்லை. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல் கல்லோடு உட்கார்ந்திருந்தது. அவருடைய முகத்தில் அப்போது இருந்ததை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை.

"இஞ்சை பார். மதில் நிமிர்ந்து நிக்கேல்லை, மண்ணிலை சாய்ஞ்சு நிக்குது. எங்கடை கிணத்துக் கட்டு மாதிரி. ஆள் வராமல் மறிக்கிறது இதுக்குப் பெரிய வேலையில்லை. பின்னாலை கிடக்கிற மண்ணைத் தாங்கிறதுதான் வேலை."

மேலே ஏறியதும் காரணத்தைக் கண்டுபிடித்தார். மதில் ஓரமாக ஒரு சிறு வாய்க்கால் ஓடியது. இடையிடையே கல்லில் செதுக்கிய வாய்கள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி நின்றால் மண் ஊதும். ஊதினால் எந்தக் கருங்கல்லையும் தள்ளிவிடும். கட்டினவன் அதை அறிந்து, விழுகிற ஒவ்வொரு துளிக்கும் வெளியே போக வழி விட்டிருக்கிறான்.

"உது நிக்கிறது பீரங்கியாலை இல்லைத் தம்பி. தண்ணிக்கு வழி விட்டதாலை."

அந்த ஒரு வசனம்தான் பிற்காலத்தில் எனக்குப் பெயர் தேடித் தந்தது.

கோட்டைக்குள் இருந்த சிவன் கோயிலில் பன்னெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்து, சில ஆண்டுகளுக்கு முன்புதான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஊர்ச் சனம் இன்னும் அந்தச் சந்தோசத்தில் இருந்தது. கலியாண மண்டபத்தின் கூரையில், தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கல்லுக் கிளிகளை என் மனைவி கழுத்து நோகப் பார்த்தாள். ஒரு தூணில் யானைக்கும் எருதுக்கும் ஒரே தலை. கையால் ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மற்றப் பக்கத்தை மறைத்தால் எருது. மூன்று பேரும் மாறி மாறி மறைத்து விளையாடினோம். கண்டி அரசன் இருந்த கட்டடத்தைத் தேடிப் போனேன். அரசாங்க அலுவலகமாக இருந்தது. படியில் ஒரு பியோன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏமாற்றம். உங்கடை ராசா ரெண்டு மணிக்குப் பிறகுதான் வருவார் போல என்று அண்ணை பகிடி விட்டார். மனைவி அன்று சிரித்த சிரிப்புக்கு, நெஞ்சு வருத்தம் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அடுத்த நாள் வந்த முடிவும் அப்படியே இருந்தது: வெட்டத் தேவையில்லை, குளிசை மருந்தோடு போகலாம்.

ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் யாழ்ப்பாணத்து வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதினேன். முதலில் கண்டி அரசனைப் பற்றி எழுதிப் பார்த்தேன், செத்துக் கிடந்தது. பிறகு உப்பேறாத தண்ணீரைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். பேனை தானாக ஓடியது. பூவிதழ், ஈர்க்கு, மண்ணில் சாய்ந்த மதில், கல்லு வாய்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் "நான்" என்று போட்டேன். தண்ணீரை வாயில் விட்டது யார் என்ற இடத்தில் பேனை நின்றது. சரித்திரம் படித்த ஒரு பட்டதாரி அகழித் தண்ணீரைக் குடித்தான் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் சுவையை விட்டுவிட்டு, "நீரின் தன்மையை நோக்கினேன்" என்று எழுதினேன். ஆனால் வாசகர் சிரிக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. எங்களோடு ஒரு கிராமத்து மனிதர் வந்திருந்தார், தாகம் தாங்காமல் அகழியில் இறங்கிக் குடித்துவிட்டுக் காவலாளியிடம் ஏச்சு வாங்கினார் என்று சேர்த்தேன்.

அச்சில் வந்த அன்று மனைவி முழுவதையும் வாசித்துவிட்டு, இது அண்ணை சொன்னதெல்லே என்றாள். ஆர் சொன்னால் என்ன, எழுதினது நான் என்றேன். அவள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கட்டுரை பேசப்பட்டது. தண்ணீருக்கு விட்ட வழி என்ற அந்த வசனத்தைப் பள்ளிக்கூட மேடைகளில் சொன்னார்கள். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். பட்டினத்தில் "கோட்டை மாஸ்டர்" என்ற பட்டம் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அண்ணையின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, அப்போது பதின்மூன்று வயது. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, சித்தப்பா, அந்தக் கிராமத்து மனுசன் அப்பாதானே என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நடந்தது என்ன என்று சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அன்று பின்னேரம் அண்ணை வீட்டுக்குப் போனபோது அவர் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்று கட்டுரையை உரத்து வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்களும் போனனீங்கள்தானே அப்பா. சித்தப்பா எவ்வளவத்தைக் கண்டுகொண்டு வந்திருக்கிறார். நீங்கள் அழுக்குத் தண்ணியைக் குடிச்சிட்டு வந்திருக்கிறியள்."

அண்ணை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் ஏதாவது சொல்லப் போகிறேனா என்று பார்த்தார். நான் சொல்லவில்லை.

"ஓம் பிள்ளை," என்றார். "தம்பி படிச்சவன்." பிறகு அடுத்த பிடியைக் கட்டினார்.

அந்த நாளில் இருந்து அவள் தகப்பனோடு கதைப்பது குறைந்தது. சண்டை ஒன்றுமில்லை. சாப்பாடு போட்டுக் கொடுப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் நடந்தது, வாசித்தது, யோசித்தது எல்லாம் என்னிடம் வந்தன. தேர்ச்சி அறிக்கையில் என்னிடம் கையெழுத்து வாங்கினாள். பெற்றோர் கூட்டத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள். ஒரு பரிசளிப்பு விழாவில் நான் முன் வரிசையில் இருந்தேன். அண்ணை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சைக்கிளைப் பிடித்தபடி வாசற் படலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். உள்ளே வரும்படி அவரை அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும்: எனக்கு அது சந்தோசமாக இருந்தது. பிள்ளையில்லாத எனக்கு ஒரு பிள்ளை கிடைத்தது போல இருந்தது. அண்ணையின் சொல்லை எடுத்தது போல அவருடைய மகளையும் எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்றில் அவள் உயர்தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து மலருக்கு, தான் மதிக்கும் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதி என்னிடம் திருத்தக் கொண்டுவந்தாள். என்னைப் பற்றி எழுதியிருந்தாள். "என் தந்தையார் எழுத்தறிவு குறைந்தவர். எதையும் உற்று நோக்கும் கண்ணை எனக்குத் தந்தவர் என் சிற்றப்பாவே" என்று ஒரு வசனம். அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. சிவப்புப் பேனையால் திருத்தினேன். நன்று என்று அடியில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவள் போன பிறகுதான், நான் எந்த வசனத்தைத் திருத்தினேன் என்பது எனக்குப் பிடிபட்டது. அன்று சாப்பிடவில்லை. மனைவி ஏன் என்று கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும்.

முதலில் சுலபமானதைச் செய்தேன். பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதினேன். போரால் எங்கள் பக்கத்துக்குக் கடதாசி வரத் தடை இருந்த காலம். பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளில், நீலக் கோட்டின் மேல் அச்சாகிக்கொண்டிருந்தன. ஏழு ஆண்டுக்கு முந்தின கட்டுரைக்கு இப்போது இடம் எங்கே என்று ஆசிரியர் கேட்டார். கெஞ்சினேன். மூலையில் நாலு வரி போட்டார்: அக்கட்டுரையில் வந்த சில அவதானங்கள் எழுதியவரின் சகோதரருடையவை. யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. நான் அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டவன் போல ஒரு கிழமை முழுக்கத் திரிந்தேன்.

"அதை அவளுக்குக் காட்டினியளோ?" என்று மனைவி கேட்டாள்.

அடுத்த நாள் தோட்டத்துக்குப் போனேன். மண்ணெண்ணெய் இல்லாமல் இறைக்கும் இயந்திரம் மூலையில் கிடந்தது; அண்ணை பழையபடி துலாவுக்குத் திரும்பியிருந்தார். கூலியாள் ஒருவர் துலா மிதித்துக்கொண்டிருந்தார், அண்ணை வாய்க்காலில் நின்று பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். பெறாமகள் வேம்புக்குக் கீழே கதிரை போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். அந்தக் கட்டுரையில் நான் கண்டதாக எழுதியது எல்லாம் அப்பா கண்டது. அப்பா தாகத்துக்குக் குடிக்கவில்லை. தண்ணீர் ஓடுகிறதா என்று அறியக் குடித்தார். என்னால் அறிய முடியாததை அறிந்தார். நான் அதைத் திருடினேன், திருடிவிட்டு அவரைப் பகிடியாக எழுதினேன். உனக்குத் தெரியும் என்று நீ நினைத்தது ஒன்றும் உண்மை இல்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து வாய்க்காலடிக்குப் போனாள்.

"அப்பா, உங்களுக்கு இது தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அண்ணை மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்தார். "சித்தப்பாவெல்லே உனக்குப் படிப்பிக்கிறது. நான் அதைச் சொல்லி நீ அங்கை போகாமல் விட்டால் உனக்கு ஆர் படிப்பிக்கிறது? என்னாலை ஏலுமோ?"

பிறகு என் பக்கம் திரும்பினார். அன்று முதல்முறையாக அவருடைய குரலில் கோபம் கேட்டது.

"உனக்கு இப்பதானோ சொல்ல நேரம் கிடைச்சது? சோதினைக்கு மூண்டு மாதம் கிடக்கு. முடிஞ்சாப் பிறகு சொல்லியிருக்கலாம்தானே."

அவர் பயந்தபடியே நடந்தது. அவள் என்னிடம் படிக்க வருவதை நிறுத்தினாள். சரித்திரத்தைத் தானாகவே படித்தாள். வழியில் கண்டால் சைக்கிளில் இருந்து இறங்கி நிற்பாள். மரியாதையில் குறை இல்லை. சித்தப்பா என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோயிற்று. அந்தக் கட்டுரையைப் பள்ளிக்கூடத்து மலருக்குக் கொடுக்கவில்லை என்று மச்சாள் சொன்னார். பின்னேரங்களில் தகப்பனும் மகளும் கிணற்றடியில் இருந்து கதைக்கிற சத்தம் என் வீட்டு வேலிக்குக் கேட்டது. கோட்டையைப் பற்றி மட்டும் இல்லை. மண்ணைப் பற்றி, மழையைப் பற்றி, அவள் ஏதோ வாசித்துச் சொல்ல, அவர் ஏன் அப்படி, எங்கை இருந்து வந்தது என்று கேட்க, நீண்டுகொண்டே போகும். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.

பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள். அந்தச் செய்தியைச் சொல்ல அண்ணை வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி சொன்னார். நான் கேட்க வேண்டியதை என் முகத்திலேயே கண்டிருக்க வேண்டும்.

"அவள் இப்ப என்னோடை கதைக்கிறாள். உன்னோடை கதைக்கிறாளில்லை. ரெண்டும் உன்னாலைதான்," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. இன்று காற்று எந்தப் பக்கம் என்று சொல்வது போலச் சொன்னார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி மழைக்குள் நடந்தது. நாங்களும் நடந்தோம். மீசாலையில் தெரிந்த ஒருவருடைய வளவில், பெரிய வெங்காயக் கொட்டில் ஒன்று கிடைத்தது. நடுவில் சேலையைக் கட்டி, ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள். கொட்டிலில் இருக்கிறபோது யாரோடும் கதைக்காமல் இருக்க முடியாது. இரண்டாம் கிழமையில் ஒரு காலை, அவள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நானும் பொறுக்கப் போனேன். பிள்ளை, என்னை மன்னிக்க மாட்டியோ என்று கேட்டேன். அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது.

அவள் ஒரு மட்டையை முறித்து விறகுக் கட்டோடு வைத்தாள்.

"பேப்பருக்கு எழுதினியள். எனக்குச் சொன்னியள். அப்பாவிட்டை எப்பவாவது கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. பதினொரு ஆண்டில் அந்த யோசனையே எனக்கு வரவில்லை. எங்கள் குடும்பங்களில் கூடப்பிறந்தவர்கள் ஒருவருக்கு ஒருவர் நன்றி சொல்வதில்லை, மன்னிப்புக் கேட்பதில்லை. கோபித்தால் கதைக்காமல் இருப்போம். ஒரு செத்தவீட்டிலோ கலியாண வீட்டிலோ ஒன்றாகப் பந்தியில் இருந்தால் அது தீர்ந்தது என்று அர்த்தம். அண்ணை என்னோடு கதைக்காமல் விடவே இல்லை. அதனால் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் ஒப்புக்கொண்டவன், உரியவரிடம் போகவில்லை.

அண்ணை கொட்டிலுக்குப் பின்னால், மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி மண்வெட்டியால் கான் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் போய் நின்றேன். வாழ்நாளில் அவரிடம் நான் பயன்படுத்தாத ஒரு சொல்லைச் சொன்னேன்.

"அண்ணை, நான் செய்தது பிழை. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அவர் வெட்டுவதை நிறுத்தினார். என்னை விட அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலடிச் சேற்றைப் பார்த்தார்.

"உன்ரை பெண்சாதிக்குக் குளிசை முடியுது எண்டு மச்சாள் சொன்னவ. சாவகச்சேரியிலை ஒரு கடையிலை இருக்காம். போய் அதைப் பார், போ," என்றார். பிறகு, நான் அசையாமல் நிற்பதைக் கண்டு, தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். "எழுதினதிலை ஒரு பிழையும் இல்லை. வடிவாத்தான் எழுதியிருந்தாய். என்ரை பேரை ஒருக்கால் போட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். கடைக்குப் போனேன். குளிசை கிடைத்தது. நனைந்துகொண்டு திரும்பி வந்தபோது பெறாமகள் அடுப்பில் தேத்தண்ணி வைத்திருந்தாள். சீனி இல்லை, ஆளுக்கு ஒரு துண்டுப் பனங்கட்டி. தகப்பனுக்கு ஒரு கோப்பையைக் கொடுத்தாள், தாய்க்கு ஒன்று, என் மனைவிக்கு ஒன்று. பிறகு சேலையை விலக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து, எனக்கும் ஒன்றை நீட்டினாள். நாலு ஆண்டில் முதல் தடவை. சித்தப்பா என்று கூப்பிடவில்லை. குடியுங்கோ என்று மட்டும் சொன்னாள்.